காப்பீட்டுக்கு நாமினி உண்டு, படிப்புக்கு ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் படைவீரர் கேண்டீன் வரிசையிலும் பாலிகிளினிக் பெஞ்சிலும் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு. அமெரிக்காவில் ராணுவத்தில் இருப்பவர் தன் படிப்புச் சலுகையை மனைவி பேருக்கோ பிள்ளை பேருக்கோ மாற்றி எழுதிவிடலாமாம், அங்கே எல்லாமே இலவசமாம், நமக்கு மட்டும் ஒன்றுமே கிடையாதாம். இதில் முதலில் சொன்னது உண்மை, கடைசியில் சொன்னது பொய், நடுவில் இருப்பது அரைகுறை. நான் படையில் கிளார்க்காக இருந்து காகிதத்தோடேயே காலம் தள்ளியவன். அதனால் ஊருக்கு வந்த பிறகும் கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவது நிற்கவில்லை. இப்படி எழுதிக் கொடுத்துக் கொடுத்து எனக்குப் பட்ட ஒரு விஷயத்தை, அதாவது படிப்புதவி யாருக்குப் போக வேண்டும் என்று படைவீரரே சொல்ல ஒரு வழி வேண்டும் என்பதை, உங்கள் நாளிதழ் வழியாகச் சொன்னால் நாலு பேர் காதில் விழும் என்றுதான் இந்தக் கடிதம்.

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பணியாற்றியவர்களுக்காக 2008-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள், 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 36 மாதப் படிப்புக்கு அரசாங்கம் பணம் கட்டும். அரசுக் கல்லூரி என்றால் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு என்ன கட்டணமோ அது முழுசாக, அதுபோக குடியிருக்க மாதாமாதம் வாடகைப் படி, புத்தகத்துக்கு வருஷத்துக்கு ஆயிரம் டாலர் வரை. இது படையில் இருந்தவருக்கே உரியது. அவருக்கு வேண்டாம் என்றால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதக் கணக்கில் பிரித்து எழுதலாம், பெரியவளுக்குப் பதினெட்டு மாதம், சின்னவனுக்குப் பதினெட்டு மாதம் என்கிற மாதிரி. ஆனால் சும்மா விடமாட்டார்கள். ஆறு வருஷம் சர்வீஸ் முடித்திருக்க வேண்டும், மேற்கொண்டு நாலு வருஷம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், அந்த மாற்றத்தையும் சீருடையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகு ஞாபகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆளைப் படையை விட்டுப் போகாமல் பிடித்து வைக்கிற கணக்கும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

நமக்கு ஒன்றுமே இல்லை என்பது சரியல்ல. பணியில் இருக்கிற ஜவானுக்கு இரண்டு பிள்ளைகள் வரை கல்விப் படி உண்டு, 2024 ஜனவரியிலிருந்து அது பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. ஓய்வு பெற்று வந்தவர்களில் ஹவில்தார் வரைக்கும் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து, ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, இரண்டு பிள்ளைகளுக்குக் கல்வி உதவி. ரொம்ப நாளாக மாதம் ஆயிரமாக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் வருகிற விண்ணப்பங்களுக்கு இரண்டாயிரமாக ஆக்கியிருக்கிறார்கள், அதாவது பிள்ளைக்கு வருஷம் 24,000. (இன்னும் பழைய தொகை என்று நினைத்து ‘இதுக்குப் போயி எவன் அலையிறது’ என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள், தயவுசெய்து கிளம்புங்கள்.) தொழிற்படிப்பு என்றால் பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டம், 2006-07-லிருந்து இருக்கிறது. பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. நாடு முழுக்க வருஷத்துக்கு 5,500 பேர், பாதிக்குப் பாதி ஆணும் பெண்ணும், பிளஸ் டூவில் அறுபது சதவீதம் வேண்டும், முதல் வருஷம் சேர்ந்தவுடனே விண்ணப்பிக்க வேண்டும். அமராவதி நகர் சைனிக் பள்ளியில் படையினர் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம், கேந்திரிய வித்யாலயா சேர்க்கையில் முன்னுரிமை, பொறியியல் கலந்தாய்வில் தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடம், முன்னாள் படைவீரர் நலனுக்காக மாநில அரசு வைத்திருக்கிற தொகுப்பு நிதியின் உதவி தனி. போரில் உயிர் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது, அது 1971 போரையொட்டி வந்த ஏற்பாடு.

ஆக, சலுகை இருக்கிறது. என் குறை வேறு. இத்தனை திட்டத்திலும் ‘என் சர்வீஸுக்காகக் கிடைக்கிற இந்தப் படிப்புதவி இன்னாருக்குப் போகட்டும்’ என்று அந்தப் படைவீரர் வாய் திறந்து சொல்ல ஓர் இடம் கூடக் கிடையாது. யாருக்கு என்று விதியே முடிவு செய்துவிடுகிறது. பெற்ற பிள்ளை இருந்தால் உண்டு, அவர் இறந்திருந்தால் மனைவிக்கும் ஓரளவு உண்டு, அதோடு சரி.

நம் ஊர் நிலவரம் அப்படியா இருக்கிறது? இந்தப் பக்கம் பதினெட்டு பத்தொன்பது வயசில் பட்டாளத்துக்குப் போகிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் போவதே வீட்டில் மூத்தவன் என்கிற ஒரே காரணத்தால்தான். மானாவாரி நிலம், அப்பாவுக்கு முடியவில்லை, கீழே இரண்டு தங்கச்சி ஒரு தம்பி. முதல் சம்பளம் வந்ததிலிருந்து அவன் மணி ஆர்டர் அனுப்பியதும், இப்போது போனில் தட்டிவிடுவதும், அவர்களுடைய பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறந்து அது பிளஸ் டூ முடிப்பதற்குள் தங்கச்சிகள் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணமாகிப் போயிருப்பார்கள். அவனுடைய சர்வீஸ் யாருக்கு எப்போது தேவைப்பட்டதோ அப்போது அரசாங்கம் கணக்கில் எடுப்பதில்லை, வேறொரு காலத்தில் வேறொருவருக்குக் கொடுக்கிறது.

தாய்மாமன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். காதுகுத்துக்கு மடியில் உட்கார வைப்பதிலிருந்து சடங்குச் சீர், கல்யாணச் சீர் வரை மாமன் இல்லாமல் மதுரைப் பக்கம் ஒரு காரியம் நடக்குமா? பேரையூர்ப் பக்கம் ஒருவர், நாயக்காக ஓய்வு பெற்றவர், பிள்ளை இல்லை. அக்கா புருஷன் சின்ன வயசிலேயே தவறிவிட, அக்காவையும் அக்கா மகளையும் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவர் இவர்தான். அந்தப் பெண் நல்ல மார்க் வாங்கி பி.எஸ்ஸி. நர்சிங் சேர்ந்தாள். நர்சிங் பிரதமர் உதவித்தொகைப் பட்டியலில் இருக்கிற படிப்பு, மார்க்கும் இருக்கிறது, மாமனின் சர்வீஸும் இருக்கிறது. ஆனால் மாமன் அவளைப் பெற்றவர் இல்லை என்பதால் விண்ணப்பத்தைத் திறக்கக்கூட முடியாது. ‘தத்து எடுத்திருக்கலாமே’ என்று ஓர் அலுவலகத்தில் சர்வ சாதாரணமாகச் சொன்னார்களாம். பெற்ற தாய் கூடவே இருக்கும்போது ஒரு பெண்ணை எதற்குச் சட்டப்படி இன்னொருவருக்குத் தத்துக் கொடுக்க வேண்டும், மாதம் மூவாயிரம் ரூபாய்க்காகவா?

மனைவிமார் நிலைமை இதைவிட வேடிக்கை. பிளஸ் டூ முடித்ததும், இல்லையென்றால் காலேஜ் பாதியில், லீவில் வந்த ஜவானுக்குக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் பத்து மாதம் எல்லையில், இந்தப் பெண் மாமியார் வீட்டில் பிள்ளையும் மாடும் ரேஷன் கடையுமாக. நாற்பதைத் தொடுகிற வயசில் அவர் பென்ஷனோடு வந்து ஏதாவது ஏ.டி.எம்.மில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். இந்தப் பெண்களில் எத்தனையோ பேர் தபால் வழியில் டிகிரி முடித்திருக்கிறார்கள், ஒரு பி.எட். படித்தால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று தவிக்கிறார்கள். பி.எட்.டும் அந்தப் பிரதமர் திட்டத்தில் இருக்கிறது. பிள்ளை படித்தால் பணம் தருவார்கள், கணவர் செத்துப் போயிருந்தால் மனைவி படிப்பதற்கும் தருவார்கள், அவர் உயிரோடு இருக்கிற ஒரே குற்றத்துக்காக இந்த அம்மாவுக்குக் கிடையாது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், என் முன்னால் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்த ஒரு தங்கச்சி கேட்ட கேள்வியைத்தான் நான் மெதுவாகத் திருப்பிச் சொல்கிறேன். இந்த ஓர் இடத்தில் மட்டும் அமெரிக்கக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், அங்கே மாற்றிக் கொடுப்பதை மனைவி உடனேயே பயன்படுத்தலாம், புருஷன் சாக வேண்டிய அவசியமில்லை.

தம்பி, தங்கை, அக்கா மகள் இவர்களுக்கு மாற்றிக் கொடுக்க அமெரிக்காவிலும் வழியில்லை, மனைவி, பிள்ளை இரண்டே இரண்டுதான். ஆகவே அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. நம் வீட்டு ஏற்பாடு நமக்குத்தான் தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி ஒன்றை நாமே செய்துகொள்ளலாம்.

செய்வது பெரிய வித்தையும் இல்லை. பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து நாமினி நாமினி என்று எத்தனை தாளில் கையெழுத்துப் போடுகிறோம்! காப்பீட்டுக்கு நாமினி, சேமநல நிதிக்கு நாமினி. கல்யாணம் ஆகாத பையன் அம்மா பேரை எழுதுகிறான், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. செத்தால் வருகிற பணத்துக்கு அவன் சொல்கிற ஆளை ஏற்றுக்கொள்கிற அரசாங்கம், உயிரோடு இருக்கும்போது வருகிற படிப்புப் பணத்துக்கு மட்டும் ஏன் அவன் பேச்சைக் கேட்கக் கூடாது? ஒரே ஒரு தாள். ‘கல்வி நாமினி’ என்று ஒரு கட்டம். பிள்ளை இருந்தால் பிள்ளை, வேண்டுமென்றால் மனைவி, இல்லையா, உடன்பிறந்தவரோ உடன்பிறந்தவரின் பிள்ளையோ. பத்து வருஷம் சர்வீஸ் முடிந்ததும் எழுதலாம், ஓய்வு பெறும்போது ஒரு தடவை திருத்தலாம், அதற்குப் பிறகு மாற்றக் கூடாது. ஒரு படைவீரருக்கு இப்போது இருக்கிற அதே இரண்டு பேர் என்கிற வரம்புதான், அதற்கு மேல் ஒரு தலை கூட வராது.

இதைச் சொன்னால் உடனே வருகிற எதிர்ப்பு எனக்குத் தெரியும். ‘ஊர்ல இருக்கிறவனெல்லாம் தங்கச்சி மகன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துருவான், புரோக்கர் புகுந்துருவான்.’ நியாயமான பயம். அதனால்தான் இதை உதவித்தொகையோடு நிறுத்த வேண்டும் என்கிறேன். கல்லூரி இட ஒதுக்கீட்டை இதில் சேர்க்கவே கூடாது. மருத்துவத்தில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு இருப்பதே விரல் விட்டு எண்ணுகிற இடம், பொறியியலில் 150. அதற்கு நாமினி எழுதலாம் என்று திறந்துவிட்டால் வசதியான சொந்தக்காரன் எவனாவது, பாவப்பட்ட ஒரு ரிட்டயர்டு சிப்பாய் வீட்டு வாசலில் பணக்கட்டோடு வந்து உட்காருவான், அப்புறம் அந்தச் சிப்பாய் பெற்ற பிள்ளைக்கே இடம் இருக்காது. கல்லூரி இடம் என்றால் அவர் பெற்ற பிள்ளைக்கு, உதவித்தொகை என்றால் அவர் சொல்கிற ஆளுக்கு, இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. மற்றபடி உறவைச் சரிபார்க்க வி.ஏ.ஓ. இருக்கிறார், தாசில்தார் இருக்கிறார், பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது. வருஷம் முப்பதாயிரம், முப்பத்தாறாயிரம் ரூபாய்க்கு எவனும் பெரிய மோசடி செய்ய மெனக்கெட மாட்டான்.

இந்தத் தாள் வந்தால் இன்னொரு தலைவலியும் தன்னால் தீரும். என்னிடம் வருகிற விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், பெயர். யூனிட்டில் குழந்தை பிறந்ததும் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தைப் பதிவு செய்கிற உத்தரவு) போடும்போது வடக்கத்தி கிளார்க் ஒருவர் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருப்பார், பாண்டீஸ்வரி அங்கே பண்டேஸ்வரி ஆகியிருப்பாள். நம் இனிஷியல் முறை அவர்களுக்குப் பிடிபடாது, அப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று பின்னால் சேர்த்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் புக்கில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேறொன்று. பிறந்த தேதி மாறியிருந்தால் கேட்கவே வேண்டாம். சர்வீஸில் இருக்கும்போது இதைத் திருத்துவது ஒரு வாரத்து வேலை, ஹெட் கிளார்க்கிடம் போய்ப் பள்ளிச் சான்றிதழைக் கொடுத்தால் போதும். வெளியே வந்த பிறகென்றால் அபிடவிட், ரெக்கார்டு ஆபீஸுக்கு மனு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, அங்கேயிருந்து பதில், பிறகு பென்ஷன் கணக்கில் ஸ்பர்ஷ் தளத்தில் திருத்தம். இதற்குள் பிள்ளை முதல் வருஷத்தைத் தாண்டிவிடும், பிரதமர் திட்டத்துக்கு வாய்ப்பும் போய்விடும். நாமினி தாளோடு பள்ளிச் சான்றிதழ் நகலும் கட்டாயம் என்று வைத்துவிட்டால், ஆள் சீருடையில் இருக்கும்போதே பெயர் சரியாகிவிடும். இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் வீட்டில் மகனோ மருமகனோ இப்போது பணியில் இருந்தால், இன்று இரவு போன் செய்யும்போது ‘உன் ஷீட் ரோலில் பிள்ளை பேரு எப்படி இருக்கு, எழுத்து எழுத்தாச் சொல்லு’ என்று கேளுங்கள் (ஷீட் ரோல் என்பது அவருடைய பணிப் பதிவேடு). சட்டம் மாறுவதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அக்னிவீரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2022 ஜூனில் திட்டத்தை அறிவித்தார்கள், அந்த வருஷக் கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் முதல் தொகுதி பயிற்சிக்குப் போனது. நாலு வருஷம், அதில் கால்வாசிப் பேர் வரைக்கும்தான் நிரந்தரமாக எடுப்பார்கள், மற்றவர்களுக்குச் சேவா நிதி என்கிற மொத்தத் தொகை வட்டியோடு 11.71 லட்சம் அளவுக்கு, அதில் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்ததே. பென்ஷன் கிடையாது, திட்டத்தின்படி முன்னாள் படைவீரர் என்கிற பெயரும் கிடையாது, ஆகையால் மேலே சொன்ன எந்த உதவிக்கும் அவர்கள் பிள்ளைகள் நாளைக்கு விண்ணப்பிக்க முடியாது. கல்யாணம் ஆகாதவர்களைத்தான் சேர்க்கிறார்கள், பதினேழரை வயசிலேயே சேரலாம். அப்படியென்றால் அவர்களுடைய குடும்பம் என்பது யார்? அப்பா அம்மாவும் படித்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கையும்தான். பிள்ளைக்கு மட்டும் என்கிற விதியை வைத்துக்கொண்டு இவர்களுக்கு எதையுமே கொடுக்க முடியாது, கொடுக்க நினைத்தாலும் முடியாது. பத்து வருஷ நிபந்தனை இல்லாமல் இவர்களுக்கும் கல்வி நாமினி இருந்தால், நாலு வருஷம் முடித்த ஒருவன் தன் தங்கச்சியின் மூன்று வருஷக் காலேஜ் படிப்புக்காவது எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். முழுச் சலுகை வேண்டாம், செய்த சர்வீஸின் அளவுக்கு, மாதக் கணக்குப் போட்டுக் கொடுக்கட்டும். அந்த மாதக் கணக்கு யோசனை அமெரிக்காவில் இருப்பதுதான், அதை எடுத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இதெல்லாம் டெல்லியில் நடக்க வேண்டியது, மதுரையில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்பார்கள். 2017-ல் போரில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கான கட்டண உதவிக்கு மாதம் பத்தாயிரம்தான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது, 2018 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே பேசினால் நடக்கும். அதுபோக, மத்திய திட்டம் மாறுகிற வரை மாநில அரசு தன் தொகுப்பு நிதியில் இதைத் தொடங்கலாம், அந்த நிதி விதிகளைத் திருத்தச் சென்னையில் கையெழுத்துப் போட்டால் போதும். டிசம்பர் 7 கொடி நாளுக்கு நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் ஏந்திச் சேர்க்கிற பணத்தில் ஒரு பகுதி, ஒரு சிப்பாயின் தங்கச்சி படிப்புக்குப் போகிறது என்றால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்?

மதுரை, தேனி, விருதுநகர், ராமநாதபுரம் எம்.பி.க்கள் நாலு பேரும் சேர்ந்து பாதுகாப்பு அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினால் நன்றாக இருக்கும், கட்சி பார்க்காமல். நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம், கலெக்டர் ஆபீஸில் நடக்கிற அடுத்த முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். தங்கை, தம்பி, அக்கா பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிற முன்னாள் படைவீரர்களும், படிக்க நினைக்கிற அவர்கள் மனைவிமாரும் அன்றைக்கு நேரில் வாருங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் இருக்கிற பக்கத்தின் நகல், படிக்கிறவரின் போனஃபைட் சான்றிதழ் இரண்டையும் எடுத்து வாருங்கள், மனுவோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஹவில்தார் கிளார்க்,
டி.கல்லுப்பட்டி, மதுரை மாவட்டம்.